ஆடிக்காத்துல ஆவரேஜ் 18-க்கு இறங்கிடுச்சு, அறுபதாயிரத்துக்குச் சக்கரம் மாத்தணுமா?

பல்லடத்தான்

எல்லாருக்கும் வணக்கம்ங்க. இத்தனை நாளாக இங்கே படிப்பதோடு சரி, எழுதுவது முதல் தடவை. வயது 41, திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் புரொடக்ஷன் பார்க்கிறேன், வீடு பல்லடம் பக்கம். போன கார்த்திகையில் அலுமினிய ரோடு பைக் சைக்கிள் ஒன்று வாங்கினேன், 25 மில்லிமீட்டர் டயர், பின்னால் பெரிய பல்சக்கரத்துக்கு 28 பல். ஞாயிறு மட்டும்தான் ஓட்டமுடியும். வார நாளில் ஷிப்மென்ட் வந்துவிட்டால் வீட்டுக்குப் போவதே ராத்திரி பத்து மணி ஆகிவிடும்.

நாங்கள் ஆறு பேர். பொள்ளாச்சி ரோட்டில் காமநாயக்கன்பாளையம், சுல்தான்பேட்டை என்று போய், தெம்பு இருந்தால் நெகமம் வரை மிதித்து, டீயும் பன்னும் சாப்பிட்டுத் திரும்புவோம். தை மாசமெல்லாம் போகும்போது மணிக்கு 27, 28 கிலோமீட்டர் என்று மீட்டரில் ஓடியது. நம்ம காலா இது என்று எனக்கே சந்தேகம். இப்போது வைகாசி கடைசியில் காற்று ஆரம்பித்ததிலிருந்து அதே ரோட்டில் 18 வருவதே பெரும்பாடு. போன வாரம் சுல்தான்பேட்டைக்கு முன்னால் கூட இருந்தவர்களை விட்டுவிட்டேன். அவர்கள் ஒரு புள்ளியாகிப் போவதைப் பார்த்துக்கொண்டே தனியாக மிதித்தேன். அதுகூடப் பரவாயில்லை, சோளத்தட்டுக் கட்டு வைத்துக்கொண்டு பழைய சைக்கிளில் போன ஒரு பெரியவர், "ஏனுங் தம்பி, வண்டி ரிப்பேருங்களா?" என்று கேட்டுவிட்டுப் போனார். அந்தக் கேள்விதான் இன்னும் காதில் இருக்கிறது.

சர்வீசுக்கு விட்ட கடையில், உயரமான ரிம் உள்ள கார்பன் சக்கரம், 50 மில்லிமீட்டர், போட்டால் காற்றைக் கிழித்துக்கொண்டு போகும் என்கிறார்கள். அறுபதாயிரம் ஆகுமாம். வீட்டில் சொன்னேன். "வண்டியே அறுபதாயிரம்தானே, அப்ப வண்டிய வித்துப்போட்டு சக்கரம் மட்டும் வாங்கப் போறீங்களா?" என்று கேட்டார் சம்சாரம். பதில் இல்லை.

கேட்க வந்தது இதுதான். சக்கரம் மாற்றினால் உண்மையிலேயே வித்தியாசம் தெரியுமா? இல்லை, புரட்டாசி வரை வண்டியைத் துணி போட்டு மூடி வைத்துவிடலாமா?

சூலூர் பழைய மில்காரன்

தம்பி, முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன், கோபித்துக்கொள்ளக் கூடாது. தை மாசத்தில் 28-ல் போனது உங்கள் கால் மட்டும் இல்லை. நீலகிரிக்கும் ஆனைமலைக்கும் நடுவில் சுமார் 30 கிலோமீட்டர் அகலத்துக்கு மலை விட்டுக்கொடுத்திருக்கிறது, அதுதான் பாலக்காட்டுக் கணவாய். தென்மேற்குப் பருவம் வந்தால் கேரளத்துக் காற்று மொத்தமும் அந்தச் சந்தில் நெருக்கிக்கொண்டு நம்ம பக்கம் வரும். மார்கழி, தையில் அதே சந்து வழியாகக் கிழக்கிலிருந்து மேற்கே காற்று போகும். பல்லடத்திலிருந்து பொள்ளாச்சி தென்மேற்கு. ஆக, தையில் யாரோ முதுகில் கை வைத்துத் தள்ளிவிட்டிருக்கிறார்கள், இப்போது அதே ஆள் எதிரில் நின்று நெஞ்சில் கை வைத்து நிறுத்துகிறான். நம்ம பக்கம் காற்றாலையை அத்தனை நட்டு வைத்திருப்பது அழகுக்காகவா?

எனக்கு இப்போது 63. இருபது வயதில் சூலூரிலிருந்து சிங்காநல்லூர் பக்கம் மில்லுக்கு சைக்கிளில்தான் போவோம். கியரும் கிடையாது, ஒன்றும் கிடையாது, 22 இஞ்ச் வண்டி, டிபன் கேரியர் ஹேண்டில் பாரில் தொங்கும். ஆடி மாசம் இரண்டாம் ஷிப்டுக்குப் போகிற நேரம் காற்று உச்சத்தில் இருக்கும். எட்டுப் பத்துப் பேர் ஒன்றாகத்தான் கிளம்புவோம். ஒருத்தன் முன்னால், மற்றவர்கள் அவன் பொடனியைப் பார்த்துக்கொண்டே பின்னால். ஒரு புளியமரத்துக்கும் இன்னொரு புளியமரத்துக்கும் நடுவில் முன் ஆள் மாறுவான். தடியான ஆள் ஒருத்தன் இருந்தான், அவன் முறை வரும்போது எல்லாருக்கும் சந்தோஷம், அவன் பின்னால் காற்றே தெரியாது. இதற்கு இங்கிலீஷில் பேர் இருக்கிறது என்று பிள்ளைகளோடு ஓட்ட ஆரம்பித்த பிறகுதான் தெரியும். நைட் ஷிப்ட் முடித்துக் கிழக்கே திரும்பும்போது பின்காற்று, பாதி தூங்கிக்கொண்டே வந்துவிடலாம்.

அதனால் மூடி வைக்கிற பேச்சே வேண்டாம். உங்கள் ஆறு பேரும் முன் ஆளை மாற்றி மாற்றி ஓட்டுகிறீர்களா, இல்லை ஆளுக்கொரு பக்கம் சிதறிப் போகிறீர்களா? அதைச் சொல்லுங்கள்.

ரிம்50

நான் போட்டிருக்கிறேன் அண்ணா, அதே 50 தான். உண்மையைச் சொல்கிறேன், சத்தம் பிரமாதமாக இருக்கும். வேகம்... சத்தம் பிரமாதமாக இருக்கும்.

ஆழியாறு 40

ரிம்50 சொன்னதைப் படித்துச் சிரித்து முடித்துவிட்டு எழுதுகிறேன். பல்லடத்தான் அண்ணா, அந்தச் சக்கரம் வேண்டாம் என்று நான் சொல்வதற்குக் காசு இரண்டாவது காரணம்தான். முதல் காரணம் லாரி.

நீங்கள் சொல்லும் ரோட்டில் போகும்போது காற்று நேர் எதிரில் வராது, வலது முன்பக்கத்திலிருந்து சாய்வாக வரும். நாம் நம்மை அறியாமலே வண்டியைக் கொஞ்சம் வலப்பக்கம் சாய்த்து ஓட்டிக்கொண்டிருப்போம். இப்போது வலப்பக்கம் ஒரு லாரி முந்துகிறது என்று வையுங்கள். லாரி காற்றை மறைத்த நொடியில் தள்ளிக்கொண்டிருந்த கை காணாமல் போய்விடும், சாய்ந்திருக்கிற வண்டி லாரிப் பக்கமே போகும். லாரி தாண்டியதும் காற்று திரும்ப அறையும், இந்தத் தடவை மண் ஓரத்துக்குத் தள்ளும். சாதாரணச் சக்கரத்திலேயே இது நடக்கும். முன்சக்கரத்தில் 50 ரிம் இருந்தால் ஹேண்டிலையே பிடுங்குகிற மாதிரி இருக்கும். இரண்டு வருஷம் முன்னால் இரவல் சக்கரத்தில் உடுமலை ரோட்டில் எனக்கு நடந்தது. விழவில்லை, ஆனால் அன்றைக்கு மீதி தூரம் பூராவும் கைகள் பிரேக்கை விடவே இல்லை. அந்தக் கோழி லாரியின் நாற்றமும் பறந்து வந்து கண்ணாடியில் ஒட்டிய இறகும் இன்னும் ஞாபகம் இருக்கிறது.

அடுத்தது கணக்கு. காற்றின் எதிர்ப்பு, நம்மேல் படுகிற காற்றின் வேகத்தின் வர்க்கத்துக்கு ஏறும். மணிக்கு 20-ல் போகிறீர்கள், எதிர்காற்றும் 20 என்றால் உங்கள்மேல் படுவது 40. காற்றில்லாத நாளில் 20-ல் போகும்போது இருக்கிற எதிர்ப்பைப் போல நான்கு மடங்கு. இந்த எதிர்ப்பில் ஏறக்குறைய முக்கால் பங்கு வாங்குவது நம்ம உடம்பு. நெஞ்சு, தோள், தலை. மிச்சத்தில்தான் வண்டி, அதில் ஒரு துண்டுதான் சக்கரம். அறுபதாயிரத்தை அந்தத் துண்டில் பாதிக்கும் குறைவான ஒன்றுக்குக் கொடுக்கப் பார்க்கிறீர்கள்.

ஆவரேஜைப் பார்த்துக் கவலைப்படுவதையும் விடுங்கள். சுல்தான்பேட்டை போக இருபது, வர இருபது என்று வைத்துக்கொள்வோம். காற்றில்லாத நாளில் 26-ல் போய்வந்தால் 92 நிமிஷம். காற்றில் போகும்போது 18, வரும்போது 34 என்று வையுங்கள். கூட்டி இரண்டால் வகுத்தால் அதே 26 தானே என்று தோன்றும், ஆனால் ஆகிற நேரம் 102 நிமிஷம். எதிர்காற்றில் அதிக நேரம் மாட்டிக்கொண்டிருக்கிறோம், பின்காற்று சட்டென்று முடிந்துவிடுகிறது. காற்று எடுத்துக்கொண்டதை முழுசாகத் திருப்பித் தராது. அதனால் இந்த மூன்று மாசத்துக்கு மீட்டரில் வேகம் தெரிகிற பக்கத்தை மாற்றி வையுங்கள், நாடித்துடிப்பு மட்டும் தெரியட்டும். அதுவும் இல்லையென்றால் இன்னும் எளிது: மிதித்துக்கொண்டே முழு வாக்கியம் பேச முடிகிறதா என்று பாருங்கள். பேச முடியவில்லை என்றால் கியரை இறக்குங்கள். பெரிய கியரில் முக்கி மிதித்து முழங்காலைக் கெடுத்துக்கொண்டவர்கள் எங்கள் குழுவிலேயே இரண்டு பேர்.

உருப்படியாகச் செலவு செய்ய ஆசை இருந்தால் பின்னால் 28-ஐக் கழற்றிவிட்டு 32 பல் கேசட், அதாவது பின் பல்சக்கர அடுக்கு, போடுங்கள், செயினை மாற்றிப் போடுகிற டீரெய்லர் தாங்குமா என்று மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள். ஐப்பசிக்கு மேல் வால்பாறை ஏறும்போது என்னை நினைத்துக்கொள்வீர்கள். ஆழியாறிலிருந்து 40 கொண்டை ஊசி, ஒன்பதாவது வளைவில் நின்று கீழே அணையைப் பார்த்துக்கொண்டு கடலை மிட்டாய் தின்னலாம், வரையாடு வந்து நம்மை வேடிக்கை பார்க்கும். இப்போது போகாதீர்கள், ஆடியில் அங்கே மழைதான் நம்மை ஓட்டும்.

கோபி வாய்க்கால்

வணக்கம்ங்க. ஆண்கள் எல்லாரும் ஒரே ரோட்டில் காற்றோடு மல்லுக்கட்டுவதைப் பற்றியே பேசுகிறீர்களே, ரோட்டை மாற்றலாம் என்று யாருக்கும் தோன்றவில்லையா? நான் பள்ளிக்கூட டீச்சர், நாலு வருஷமாக ஓட்டுகிறேன். எங்கள் பக்கம் கொடிவேரியிலிருந்து பிரிகிற தடப்பள்ளி, அரக்கன்கோட்டை வாய்க்கால்கள் இருக்கின்றன. கரையோர ஊர்களில் தென்னையும் வாழையும் இரண்டு பக்கமும் அடைத்துக்கொண்டு நிற்கும். வெளியே மரம் பேயாட்டம் ஆடினாலும் ரோட்டில் பாதிக் காற்றுதான் இருக்கும். உங்கள் ஊர் மேட்டுக்காடு, மறைவே கிடையாது, புரிகிறது. ஆனால் பொள்ளாச்சி, ஆனைமலைப் பக்கம் போய்விட்டால் தோப்பு ரோடு எத்தனையோ இருக்கிறது. ஒரு ஞாயிறு வண்டியைக் காரில் போட்டுக்கொண்டு போய் அங்கே ஓட்டிப் பாருங்கள். ஒன்று மட்டும் ஜாக்கிரதை, தோப்புக்குள் காற்று குறைவு, ஆனால் மட்டை விழும். தென்னை மட்டை ரோட்டில் குறுக்கே கிடப்பது வளைவு திரும்பியபிறகுதான் தெரியும். நான் ஒரு பாளைமேல் ஏற்றி பின் ரிம்மை நெளித்துக்கொண்டேன்.

நேரம் இன்னொன்று. எத்தனை மணிக்குக் கிளம்புகிறீர்கள் என்று எழுதவே இல்லையே? ஏழுக்கு மேல் என்றால் பாதித் தப்பு அங்கேதான். வெயில் ஏற ஏறக் காற்றும் ஏறும், ஒன்பது பத்து மணிக்கு மேல் சாயங்காலம் வரை விடாது. நான் வெடியால நாலே முக்காலுக்கு முன்னும் பின்னும் லைட் போட்டுக்கொண்டு இறங்கிவிடுவேன். தனியாக இல்லை, இன்னும் இரண்டு பேர் சேர்ந்தபிறகுதான் ஊர் எல்லையைத் தாண்டுவோம், நாய்க்குப் பயந்து பாதி, மனுஷருக்குப் பயந்து பாதி. எதிர்காற்றுப் பக்கம் முதலில், திரும்பும்போது பின்காற்று. இதைத் தலைகீழாகச் செய்து ஒருதடவை பட்டிருக்கிறேன், போகும்போது பறந்துவிட்டு, வரும்போது பவானியில் ஒரு பஸ் ஸ்டாப்பில் உட்கார்ந்து வீட்டுக்கு போன் போட்டேன். மானம் போனது.

இன்னொன்று, யாரும் கேட்காதது. காற்று அடிக்கும்போது வியர்வை உடனே காய்ந்துவிடுவதால் தாகமே தெரியாது. தண்ணீர் குடிக்காமல் இருந்துவிட்டு வீட்டுக்கு வந்ததும் தலைவலி என்று படுப்போம். ஒரு பாட்டிலில் உப்பு, எலுமிச்சை, கொஞ்சம் நாட்டுச்சர்க்கரை போட்டுக்கொண்டு கால் மணிக்கு ஒரு மடக்கு கணக்கு வைத்துக் குடியுங்கள். திரும்பி வந்து அரிசிம்பருப்புச் சோறு, மேலே நெய். அதற்காகவே ஓட்டுகிறேன் என்று சொன்னாலும் தப்பில்லை.

பல்லடத்தான்

இத்தனை பேர் எழுதுவீர்கள் என்று நினைக்கவில்லை, நன்றிங்க. பெரியவர் கேட்டதற்குப் பதில்: இல்லைங்க, நாங்கள் முன் ஆள் மாறுவது கிடையாது. தெம்பு இருக்கிறவன் முன்னால் போவான், அவ்வளவுதான். டீச்சரக்கா கேட்டதற்கு: கிளம்புவது ஏழு மணி, ஆள் சேர்ந்து டீ குடித்து முடிக்க ஏழரை. இரண்டிலும் குட்டு வாங்கியாச்சு.

உடம்புதான் முக்கால் பங்கு என்று படித்ததும் ஒன்று தோன்றியது. நான் போட்டு ஓட்டுவது எங்கள் கம்பெனியில் மிஞ்சிய காட்டன் டி-ஷர்ட், எக்ஸ்எல். எனக்கு எம் தான் அளவு, சும்மா கிடைத்தது என்று போட்டுக்கொள்கிறேன். காற்றில் முதுகுப் பக்கம் பலூன் மாதிரி உப்பிக்கொண்டு படபடவென்று அடித்துக்கொள்ளும். இதுவும் கணக்கில் வருமா?

ஆழியாறு 40

அண்ணா!! பனியன் ஊரில் உட்கார்ந்துகொண்டு பாராசூட் கட்டி ஓட்டுகிறீர்களா? வருமாவாம். அறுபதாயிரத்துச் சக்கரத்தில் தேடுகிற வித்தியாசம் உங்கள் முதுகிலேயே தொங்குகிறது. உடம்போடு ஒட்டிய சட்டை, முழங்கையை மடக்கி முன்கை தரைக்குப் படுக்கையாக வருகிற மாதிரி பிடி, தலையைத் தோளுக்கு நடுவில் இறக்கி வைப்பது, இந்த மூன்றையும் முதலில் செய்யுங்கள். ஹேண்டிலின் கீழ் வளைவைப் பிடிக்கிற கீழ்ப்பிடியில் அதிக நேரம் இருக்க முடியாது, வயிறு இடிக்கும், பரவாயில்லை, ஐந்து நிமிஷம் இறங்கு, இரண்டு நிமிஷம் எழு. அப்புறம் டயர், 25-க்குப் பதில் 28 உள்ளே போகுமா என்று பாருங்கள், டயர் அழுத்தம் எண்பது பிஎஸ்ஐ போதும். அது காற்றுக்காக இல்லை, நம்ம ரோட்டுக்காக.

சூலூர் பழைய மில்காரன்

முன் ஆள் மாறும்போது ஒன்று கவனியுங்கள். காற்று வலது முன்பக்கம் என்றால் மறைவு முன் ஆளுக்கு நேர் பின்னால் இருக்காது, இடது பின்னால் விழும். முன் ஆள் வெள்ளைக்கோட்டை ஒட்டியே போனால் பின்னால் வருகிறவன் மறைவுக்காக மண்ணில் இறங்க வேண்டியதுதான். முன் ஆள் ஒரு முழம் ரோட்டுக்குள் தள்ளிப் போகட்டும். லாரிச் சத்தம் கேட்டால் ஒற்றை வரிசை, அப்போது மறைவு பார்க்கக் கூடாது. ஆளுக்கு இரண்டு நிமிஷம் போதும். வீராப்பு காட்டி ஐந்து நிமிஷம் இழுக்கிறவன்தான் திரும்பும்போது கடைசியில் வருவான்.

முன்னால் வந்து நின்றதும் வேகத்தைக் கூட்டுவது புதுசாகச் சேர்ந்தவர்கள் எல்லாரும் செய்வது. கூட்டாதீர்கள், மிதிக்கிற பலம் கூடினால் போதும், வேகம் அப்படியே இருக்கட்டும்.

வெள்ளகோவில் 200

ஒரு வரி சேர்க்கிறேன். 200 கிலோமீட்டர் பிரெவே, அதாவது நேரக் கெடு வைத்து ஓட்டுகிற நெடுந்தூர ஓட்டம், ஓட்டும் எண்ணம் யாருக்காவது இருந்தால் இந்தக் காற்றில் பழகுவதுதான் நல்லது. பதின்மூன்றரை மணி நேரம், நிற்பது தின்பது எல்லாம் சேர்த்து. காற்று அடித்தது என்று ஒரு நிமிஷம் கூடத் தர மாட்டார்கள். ஆனால் வகுத்துப் பாருங்கள், மணிக்கு 15 போனாலே உள்ளே வந்துவிடலாம். உங்கள் 18 அவமானமே இல்லை.

பல்லடத்தான்

இரண்டு வாரம் கழித்து வருகிறேன். நடந்ததை எழுதாமல் இருந்தால் நன்றாக இருக்காது.

டி-ஷர்ட் கதையைக் கட்டிங் மாஸ்டரிடம் சொன்னேன். அவர் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, ஸ்போர்ட்ஸ் ஆர்டரில் மிஞ்சிய பாலியஸ்டர் ஸ்பான்டெக்ஸ் துணி ஒன்றரை மீட்டர் எடுத்து, நிற்க வைத்து அளவெடுக்க ஆரம்பித்தார். நான்தான் நிறுத்தினேன். "நின்னு அளவெடுத்தா ஆகாது மாஸ்டர், நான் குனிஞ்சு ஓட்டறவன்" என்று சொல்லி கட்டிங் டேபிளைப் பிடித்துக்கொண்டு ஹேண்டில் பிடிப்பதுபோலக் குனிந்து நின்றேன். மொத்த செக்ஷனும் வேலையை நிறுத்திவிட்டுப் பார்த்தது. குனிந்தால் முன்பக்கம் துணி மிஞ்சும், முதுகுப் பக்கம் பற்றாது என்பது அப்போதுதான் அவருக்கும் புரிந்தது. முன் நீளத்தை மூன்று இஞ்ச் குறைத்தார், பின்னால் நீட்டினார், தோள் தையலை முன்னால் தள்ளினார். தையல் உடம்பில் உரசாமல் இருக்க எல்லாம் பிளாட்லாக். பின்னால் மூன்று பாக்கெட். துணிக்குக் கணக்கில் பணம் கட்டிவிட்டேன். தையல்கூலி வாங்க மாட்டேன் என்றவருக்குப் பிரியாணி.

போன ஞாயிறு ஐந்தேகாலுக்கே கிளம்பினோம். ஆறு பேரில் நாலு பேர்தான் வந்தார்கள், மற்ற இரண்டு பேருக்கு ஐந்து மணி என்பது ராத்திரி. கேத்தனூர் பக்கம் காற்றாலைகள் இருட்டில் சிவப்பு விளக்கோடு மெதுவாகத்தான் சுற்றின. பொழுது கிளம்பிய பிறகுதான் இறக்கைகள் வேகம் எடுத்தன. இரண்டு நிமிஷத்துக்கு ஒருத்தர் என்று மாறினோம். என் முறையில் முதல் தடவை ஆர்வத்தில் வேகத்தைக் கூட்டிவிட்டேன், பின்னாலிருந்து கெட்ட வார்த்தை வந்தது. பெரியவர் சொன்னது ஞாபகம் வந்து குறைத்தேன். நான்காவது சுற்றில்தான் அந்த மறைவு எங்கே இருக்கிறது என்று காதுக்குத் தெரிந்தது. சரியான இடத்தில் சக்கரத்தை வைத்தால் காதில் இரைச்சல் நின்றுவிடுகிறது, ஒரு சாண் விலகினால் திரும்ப ஆரம்பிக்கிறது. அதற்கப்புறம் மீட்டரையே பார்க்கவில்லை, காதை வைத்தே ஓட்டினேன்.

நெகமம் வரை போனோம். வீட்டுக்கு வந்து பார்த்தால் போகும்போது 21.8. தைமாசக் கணக்குக்கு இன்னும் பக்கத்தில்கூட இல்லை. சோளத்தட்டுப் பெரியவரையும் பார்த்தேன், எதிரே வந்தார், பின்காற்றில் மிதிக்காமலே உட்கார்ந்து வந்தார், கை காட்டினார்.

சக்கரம் வாங்கவில்லை. 32 கேசட்டுக்குச் சொல்லியிருக்கிறேன், வீட்டில் இன்னும் சொல்லவில்லை.

இப்போது ஒரே பிரச்சினை, பாக்கெட்டில் இரண்டு வாழைப்பழமும் போனும் வைத்தால் சட்டை பின்னால் தொங்கி உட்காருமிடம் வரை வந்துவிடுகிறது. பாக்கெட் வாய்க்கு அரை இஞ்ச் எலாஸ்டிக் வைத்திருக்கிறார் மாஸ்டர். யாராவது கடை ஜெர்சியை அளந்து சொல்ல முடியுமா?

கோபி வாய்க்கால்

அளந்து பார்த்தேன். பாக்கெட் வாயில் இருப்பது அரை இஞ்ச்தான், அதில் தப்பில்லை. சட்டையின் அடி விளிம்பில் பின்பக்கம் ஒன்றரை இஞ்ச் அகலத்தில் எலாஸ்டிக், அதன் உள்பக்கம் ரப்பர் புள்ளிகள் ஒட்டியிருக்கிறது, அதுதான் ஷார்ட்ஸைப் பிடித்துக்கொள்கிறது. மாஸ்டரிடம் அதைக் கேளுங்கள். அப்படியே பெண்கள் அளவில் ஒன்று தைப்பாரா என்றும் கேட்டுச் சொல்லுங்கள், கடையில் கிடைப்பதெல்லாம் தோள் பெரிதாக, இடுப்பு பிடித்து. நானும் டேபிளைப் பிடித்துக் குனிந்து நிற்கத் தயார், ஆனால் செக்ஷன் லீவு நாளில்.